பழுது வைத்துப் பழக்கிய பட்டாலியன்

ராணுவத்தில் வண்டி மெக்கானிக்குகளை உருவாக்கும் பயிற்சிப் பட்டாலியன் ஒன்றுக்குத் தலைமை தாங்கியவன் என்று சொன்னால், கேட்பவர்கள் கண்டிப்பையும் அணிவகுப்பையும் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். அவையெல்லாம் இருந்தன. ஆனால் அவற்றுக்குத் தளபதி பெரிதாகத் தேவைப்படவில்லை. நல்ல சுபேதார் மேஜர் ஒருவர் வாய்த்துவிட்டால் அணிவகுப்பு தன்பாட்டில் நடக்கும். தளபதியே உட்கார்ந்து யோசித்து, தன் பெயரில் முடிவெடுக்க வேண்டியிருந்த விஷயம் வேறு. பதினெட்டு, பத்தொன்பது வயதில் வந்து சேரும் பையனுக்கு, கையில் இருக்கும் கொஞ்ச காலத்தில் எதைச் சொல்லிக்கொடுப்பது, எதை விட்டுவிடுவது? ஒரு பாகத்தைக் கழற்றி இன்னொன்றை மாட்டுகிற வேலையை அவன் எந்த யூனிட்டுக்குப் போனாலும் கற்றுக்கொள்வான். பழுது எங்கே இருக்கிறது என்று முறையாகத் தேடுவதை மட்டும் பயிற்சி மையத்தில் பழகாவிட்டால் பிறகு பழகுவது மிகக் கடினம். அதனால் தேடுவதைத்தான் முதலில் கற்பிக்க வேண்டும், அதற்காக வேறு சிலவற்றைக் குறைத்துக்கொள்ளவும் வேண்டும் என்பது என் நிலைப்பாடு. பட்டாலியனில் இருந்தபோது இதற்கு எதிர்ப்பு இருந்தது. எதிர்த்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். அவர்கள் சொன்னவற்றில் சில இன்றும் எனக்கு வலுவாகவே படுகின்றன.

இ.எம்.இ. எனப்படும் மின், இயந்திரப் பொறியியல் படைப்பிரிவு எப்படிப் பிறந்தது என்பதைப் பார்த்தாலே இந்த விவாதம் பழையது என்று தெரியும். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் சண்டையிட்ட ரோம்மலின் படை, அடிபட்ட டாங்குகளைக் களத்திலிருந்து இழுத்துவந்து சரிசெய்வதில் கைதேர்ந்திருந்தது. பிரிட்டிஷ் ராணுவத்திலோ பழுதுபார்ப்பவர்கள் பல பிரிவுகளில் சிதறிக் கிடந்தார்கள். அந்தச் சமயத்தில், பிற்பாடு சமூகக் காப்பீட்டு அறிக்கையால் உலகறிந்த பெயரான அதே வில்லியம் பெவரிட்ஜ், படைகளில் தொழில் தெரிந்தவர்கள் எப்படிப் பயன்படுத்தப்படுகிறார்கள் என்று ஆராய்ந்த குழுவுக்குத் தலைவராக இருந்தார். கையில் தொழில் உள்ளவனை ராணுவம் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலையில் வீணடிக்கிறது என்பதுதான் அந்தக் குழு கண்ட குறை. அதன் விளைவாக 1942 அக்டோபர் 1 அன்று பிரிட்டனில் ரீமி என்ற தனிப் படைப்பிரிவு உருவானது. இந்தியாவிலும் அடுத்த ஆண்டே அதுபோன்ற படைப்பிரிவு வந்தது. இன்றும் அக்டோபர் 15ஐத்தான் இ.எம்.இ. தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. பழுது நீக்குவது ஒரு தனித் தொழில், அதைச் செய்பவனை அந்தத் தொழிலில் வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்த அமைப்பு இது. 1973 அக்டோபர் போரில் கோலான் குன்றுகளில் பல மடங்கு பெரிய சிரியப் படைக்கு இஸ்ரேல் ஈடுகொடுத்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, சேதமான டாங்குகளை இரவோடு இரவாகச் சரிசெய்து மறுபடி களத்துக்கு அனுப்பியது. 2022இல் உக்ரைனுக்குள் நுழைந்த ரஷ்யப் படையின் கனரக லாரிகள் டயர் கிழிந்து சேற்றில் நின்ற படங்களை உலகமே பார்த்தது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அசையாமல் நிறுத்தப்பட்ட வண்டிகளின் டயர்கள் அவை என்று பல வல்லுநர்கள் சொன்னார்கள். காரணம் அது ஒன்றுதானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பராமரிப்பு சரியாக இருந்தது என்று வாதிட்டவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

தேடுவது என்று நான் சொல்வதை ஒரு சாதாரணப் பழுதைக் கொண்டு விளக்குகிறேன். ராணுவ லாரி ஒன்று காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஒருமுறை முனகிச் சுற்றி அடங்கிவிடுகிறது. லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறோம். பாதிப் பயிற்சி பெற்ற பையன் நேராக பேட்டரியைக் குற்றம்சாட்டுவான், புதியது கேட்பான். புதியதை வைத்தும் முனகல் போகாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றுவான். தேடத் தெரிந்தவன் மல்ட்டிமீட்டரை எடுத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பார்ப்பான். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது இரண்டு, மூன்று வோல்ட் காட்டினால், சேசிஸில் எர்த் கேபிள் முறுக்கப்பட்டிருக்கும் போல்ட்டின் அடியில் துருவோ பெயின்டோ இருக்கிறது என்று பொருள். கழற்றி, எமரி தாளால் தேய்த்து, மறுபடி முறுக்கினால் வேலை முடிந்தது. செலவு ஒரு துண்டு எமரி தாள். இவ்வளவு நேரமும் பேட்டரி, ஸ்டார்ட்டர் இரண்டும் நன்றாகவே இருந்திருக்கின்றன. ஆவடி இன்ஜின் தொழிற்சாலையில் தயாராகும் டி-72 டாங்கின் இன்ஜினில் இன்னொரு சிக்கல் உண்டு: மின்சாரத்தால் மட்டுமின்றி, அழுத்தப்பட்ட காற்றைச் செலுத்தியும் அதை ஸ்டார்ட் செய்யலாம். அவசரத்தில் அது வரம். ஆனால் தினமும் காற்றிலேயே ஸ்டார்ட் செய்து பழகிய டாங்கில் மின்சுற்றுப் பழுது யார் கண்ணிலும் படாமல் வளர்ந்துகொண்டே போகும்.

இதே முனகல் லடாக்கில் கேட்டால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லேயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். எரிவதற்கான ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. மைனஸ் 18 டிகிரியில் ஈய-அமில பேட்டரியின் திறன் பாதிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். சாதாரண டீசலில் மெழுகு திரண்டு ஃபில்ட்டரை அடைக்கும். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசல் லடாக்குக்கு 2019 நவம்பரில்தான் வந்தது. இன்ஜின் ஆயில் கெட்டியாகி ஸ்டார்ட்டருக்கு இரட்டிப்பு பாரம் கொடுக்கும். எரிபொருள் குழாய் இணைப்பில் மயிரிழை அளவு கசிவு இருந்தாலும் இரவில் காற்று உள்ளே புகுந்துவிடும். காலையில் ஃபில்ட்டரின் மேலிருக்கும் சிறு திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி அழுத்தி, நுரை நின்று வெறும் டீசல் வரும்வரை காற்றை எடுக்க வேண்டும். ஆக, ஸ்டார்ட் ஆகவில்லை என்ற ஒரே புகாருக்கு நாலைந்து வேர்கள், சில நாள் இரண்டு சேர்ந்தும் இருக்கும். ஊகத்தில் பாகம் மாற்றுகிறவன் அங்கே செய்யும் கெடுதல் சமவெளியில் செய்வதைவிடப் பல மடங்கு பெரிது. ஸோஜி லா கணவாய் பனியில் மூடும் முன்பே குளிர்காலத்துக்கான உதிரிபாகங்களை மேலே ஏற்றிச் சேமிக்கிறார்கள். நல்ல ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு ஸ்டோரிலிருந்து புதியது எடுத்துப் போட்டவன், பிப்ரவரியில் உண்மையிலேயே ஸ்டார்ட்டர் போன வேறொரு வண்டிக்கு வைத்திருந்ததைத் தீர்த்துவிடுகிறான். அந்த வண்டி எந்தச் சாவடிக்கு என்ன ஏற்றிப் போக வேண்டியிருந்தது என்பது அவனுக்குத் தெரியவும் வராது. பயிற்சி மையத்தில் அவனுக்குக் கொடுத்த மதிப்பெண்ணுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை எந்த அறிக்கையும் காட்டாது என்பதுதான் தளபதியாக என்னை உறுத்திய விஷயம்.

நான் பொறுப்பேற்றபோது இருந்த முறை மோசமானது என்று சொல்ல மாட்டேன். உள்ளுறுப்பு தெரியும்படி பாதி அறுத்து வர்ணம் பூசிய இன்ஜின்கள் இருந்தன, சுவர் நிறையப் படங்கள் இருந்தன, பாடம் ஒழுங்காக நடந்தது. ஆனால் ஓர் இன்ஜினைச் சுற்றி இருபது பேர் நின்றால் கை வைப்பது இரண்டு பேர்தான். மீதிப் பேர் எட்டிப் பார்ப்பார்கள், பின்வரிசை தூங்கும். ஓடாத இன்ஜினில் கழற்றி மாட்டினால் சரியாக மாட்டினானா என்பதும் தெரியாது. தேர்வில் வரும் வேலைகளின் பட்டியல் ஒவ்வொரு பேட்ச்சும் அடுத்த பேட்ச்சுக்குச் சொல்லிவிட்டுப் போகும் ரகசியம். தேர்ச்சி விகிதம் உயர்வாக இருந்ததில் ஆச்சரியமில்லை. நாங்கள் செய்த மாற்றம் பெரிய கண்டுபிடிப்பும் அல்ல. உலகத்தில் நல்ல மெக்கானிக் பள்ளிகள் எல்லாம் செய்வதுதான். ஓடும் வண்டியில் உஸ்தாத், அதாவது பயிற்றுநர், வேண்டுமென்றே ஒரு பழுதை வைப்பார். எர்த் போல்ட்டின் அடியில் ஒரு துண்டு டேப், எரிபொருள் குழாயில் அரைச் சுற்று தளர்த்திய இணைப்பு, பிரேக்கின் காற்றுக் குழாயில் ஊசிமுனைக் கசிவு. மூன்று பேர் கொண்ட குழு வண்டியைத் தொடும் முன் ஒரு தாளில் எழுத வேண்டும்: என்ன அறிகுறி, எவையெல்லாம் காரணமாக இருக்கலாம், முதலில் எதைச் சோதிக்கப் போகிறோம், ஏன் அதை முதலில். சரிசெய்ததற்குப் பாதி மதிப்பெண், அந்தத் தாளுக்கு மீதிப் பாதி. தற்செயலாகப் பழுதைக் கண்டுபிடித்த கெட்டிக்காரப் பையன்கள் பாதி மதிப்பெண்ணோடு முகம் சுளித்தார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து, வகுப்பறை இந்தி புரியாமல் பின்தங்கியிருந்தவர்களில் பலர் வண்டியருகே முன்னுக்கு வந்தார்கள். தாளை எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டிருந்தோம்.

இந்த முறையில் உஸ்தாத்தின் வேலைதான் மிகவும் கடினமானது, அது பேசாமல் இருப்பது. பையன் தவறான இடத்தில் தேடுகிறான் என்று தெரிந்தும், அடுத்த சோதனையில் அவனே உணரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எல்லோருக்கும் வராது. இருபது வருடம் அனுபவம் உள்ள ஹவில்தாருக்கு நாக்கு நுனியில் விடை நிற்கும். வதோதராவில் இ.எம்.இ. பள்ளி வளாகத்தில் அலுமினியத் தகடு போர்த்திய விசித்திரமான வடிவில் ஒரு கோயில் இருக்கிறது. 1966இல் பிரிகேடியர் ஏ.எஃப். யூஜின் என்ற கிறிஸ்தவ அதிகாரி முன்னின்று கட்டியது. உள்ளே இருப்பவர் தட்சிணாமூர்த்தி. மெக்கானிக் பள்ளிக்கு வாய் திறக்காமல் போதிக்கும் குருவை வைத்தது திட்டமிட்டதோ தற்செயலோ, பொருத்தம் அபாரம். பூமியில் உள்ள உஸ்தாத்துகளுக்கு மௌனம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். ராணுவத்தில் பயிற்றுநர் பதவி பலருக்குக் களப் பணியிடையே கிடைக்கும் ஓய்வுபோல ஆகிவிட்டது: குடும்பத்தோடு இருக்கலாம், பிள்ளைகளின் படிப்பைப் பார்க்கலாம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எல்லையில் இருந்து வந்தவன் அதற்குத் தகுதியானவன்தான். ஆனால் யார் நன்றாகக் கற்பிப்பார்கள் என்று பார்த்து அனுப்பாமல், யாருடைய முறை வந்தது என்று பார்த்து அனுப்பினால், பட்டாலியன் தளபதி கிடைத்தவர்களில் நான்கைந்து உண்மையான ஆசிரியர்களைக் கண்டுபிடித்து, அவர்களை விளையாட்டுப் போட்டிப் பொறுப்பிலிருந்தும் கேன்டீன் கணக்கிலிருந்தும் விடுவித்து வண்டிகளோடு விட்டுவிட வேண்டியதுதான். தளபதி வேலையில் பெரும்பகுதி இதுவாகவே இருந்தது.

முதல் மறுப்பு தொழில்நுட்பம் தெரிந்தவர்களிடமிருந்து வரும். முன்னணிக் களத்தில் பழுதுபார்ப்பதன் கோட்பாடே முழுப் பாகத்தை மாற்றுவதுதான்; கழற்றி ஆராய்வது பின்னால் உள்ள பட்டறைகளின் வேலை. அதோடு புதிய வண்டிகளில் கணினி வந்துவிட்டது, ஸ்கேனரைச் செருகினால் பழுதின் எண்ணை அதுவே சொல்லும், பிறகு எதற்கு இந்தத் தேடல் என்பார்கள். பாதி சரி. குண்டு விழும் இடத்தில் உட்கார்ந்து பிளாக்கைப் பிரிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் எந்தப் பாகத்தை மாற்றுவது என்பதே தேடலின் முடிவு. தவறானதை வேகமாக மாற்றுவது வேகம் ஆகாது. ஸ்கேனரோ, எந்த சென்சார் வழக்கத்துக்கு மாறான அளவு காட்டுகிறது என்று சொல்லும். சென்சார் கெட்டதா, அதற்குப் போகும் வயரை எலி கடித்ததா, சென்சார் காட்டுவது உண்மைதானா என்று சொல்லாது. எண்ணைப் பார்த்தவுடன் சென்சாரை மாற்றும் பழக்கம் நகரத்து சர்வீஸ் சென்டர்களிலேயே எவ்வளவு பணத்தைத் தின்கிறது என்பது கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். இன்னொன்றும் உண்டு. நம் ராணுவத்தில் ஒரு வண்டி வந்து பழையது போய்விடுவதில்லை. ஜபல்பூரில் 1996 வரை தயாரான சக்திமான், அதன் பிறகு வந்த அசோக் லேலண்ட் ஸ்டாலியன், டாடா வண்டிகள், ஜிப்ஸி, அதற்கடுத்து கணினி வைத்தவை என்று தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். இன்று சேர்பவன் நாளை தொடப்போகும் வண்டிகளில் சில இன்னும் வடிவமைக்கப்படவே இல்லை. ஒரு மாடலை மனப்பாடம் செய்து அனுப்பினால் எத்தனை நாளுக்கு வரும்?

இரண்டாவது மறுப்பு சீருடையிலிருந்து வருவது: அவன் முதலில் சிப்பாய், பிறகுதான் மெக்கானிக். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். பழுதான டாங்கை மீட்கப் போகும் குழுவின் மீது எதிரி குறிவைக்கத்தான் செய்வான். காஷ்மீரில் வாகன அணிகளோடு போகும் கிராஃப்ட்ஸ்மேன் எனப்படும் மெக்கானிக் சிப்பாயும் துப்பாக்கி ஏந்தித்தான் போகிறான். அவனுக்கு துப்பாக்கிச் சுடும் பயிற்சியில், உடற்பயிற்சியில் ஒரு மணி நேரத்தையும் நான் குறைக்கவில்லை, குறைக்கவும் கூடாது. நான் கைவைத்தது ஃபட்டீக்கில். ராணுவத்தில் இருந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டாம். புல் வெட்டுவது, கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, பெரிய அதிகாரி வருகைக்கு ஷாமியானா கட்டுவது, நாற்காலி தூக்குவது. சிப்பாய்த்தனம் என்ற பெயரில் பயிற்சி மையங்களில் பட்டறை நேரத்தைத் தின்பது பெரும்பாலும் இவைதான். போர்ப் பயிற்சி அதில் சிறு பங்கு. கையில் தொழில் உள்ளவனை வீணடிப்பதைப் பற்றி பெவரிட்ஜ் குழு எழுதி எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. தளபதிக்கு இதில் ஒரு சொந்த இக்கட்டும் உண்டு. வருகிற மேலதிகாரிக்கு வெள்ளையடித்த கல் கண்ணில் படும். பையன் எழுதிய காரணத் தாள் படாது. வளாகம் பளிச்சென்று இல்லாத பட்டாலியனின் தளபதிக்கு ஆண்டறிக்கையில் என்ன எழுதுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். புல் கொஞ்சம் வளரட்டும் என்று விட்டதற்கு நானும் விலை கொடுத்தேன் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்றாவது மறுப்புதான் எனக்கு மிகக் கடினமானது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி வருகிறவன் நான்கு ஆண்டுதான் இருப்பான். அதில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாக எடுக்கப்படுவார்கள். பயிற்சிக் காலமும் அந்த நான்குக்குள் அடக்கம். போகப்போகிறவனுக்கு எதற்கு இவ்வளவு ஆழம், வேண்டிய நான்கு வேலையைக் கற்றுக்கொடுத்து அனுப்பு என்று கேட்கிறார்கள். கணக்கு சரியாகத் தெரிந்தாலும் அது ஒன்றை மறந்துவிடுகிறது. முன்பெல்லாம் மையத்தில் அரைகுறையாகக் கற்று வந்தவனை யூனிட்டில் இருந்த நாயக்கும் ஹவில்தாரும் ஐந்தாறு வருடத்தில் தேற்றிவிடுவார்கள். மூன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என்று தேர்வு எழுதி ஏறுவதற்குக் காலம் இருந்தது. அந்தக் காலம் போய்விட்ட பிறகு, அங்கே பின்னால் நடந்ததை மையத்திலேயே தொடங்கியாக வேண்டும். நான்கு வருடமும் இளையவனாகவே இருந்துவிட்டுப் போகிறவனுக்கு முதல் சில மாதங்களின் எடை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. இருந்தாலும் நேரம் எங்கே என்ற கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. வாகன வகைகளைப் பாதியாகக் குறைத்து, தேடும் முறையை விடாமல் வைத்துக்கொள்ளலாம் என்பது என் தேர்வு. அதனால் ஒரு பையன் சில வண்டிகளைத் தொட்டே பார்க்காமல் யூனிட்டுக்குப் போவான். அந்த இழப்பு உண்மையானது; யூனிட்டுகளிலிருந்து அதைப் பற்றிப் புகார்க் கடிதங்கள் வந்தபோது அவற்றை நியாயமானவை என்றே கொண்டேன்.

எல்லாவற்றையும் தனியாரிடம் கொடுத்துவிடலாமே என்பவர்களும் உண்டு. ராணுவச் சீரமைப்பை ஆராய்ந்த ஷெகாட்கர் குழுவின் பரிந்துரைகளுக்குப் பிறகு, பெரிய தளப் பட்டறைகளைச் சொத்து அரசுடையது, நிர்வாகம் தனியாருடையது என்ற முறைக்குக் கொண்டுபோகும் பேச்சு நடந்தது. தளப் பட்டறைக்கு அது சரியா தவறா என்பது வேறு விவாதம். கம்பெனி மெக்கானிக் சாவடிக்கு வரமாட்டான்; பின்னால் தனியார் வர வர, முன்னால் தனியாக நிற்கும் கிராஃப்ட்ஸ்மேனின் தீர்ப்பை நம்பித்தான் எந்தப் பாகம் பின்னே அனுப்பப்படும் என்பதும் இருக்கும். நல்ல பாகத்தைக் கழற்றி அனுப்பினால் அதற்கும் பில் வரும்.

கடைசியாக, பணியாளர் கூட்டங்களில் அடிக்கடி எழுந்த கேள்வி ஒன்று: பழகும் பையன்கள் ஓடும் வண்டியைக் கெடுத்துவிட மாட்டார்களா? கெடுப்பார்கள். போல்ட்டின் மரையைச் சிதைத்துவிடுவார்கள், மல்ட்டிமீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்து பேட்டரியில் குத்தி ஃபியூஸை எரிப்பார்கள், காற்று எடுக்கும் திருகை முறித்துவிடுவார்கள். அதற்கென்று ஒரு கணக்கு வைத்து, ஒவ்வொரு சேதத்துக்கும் விசாரணை, பிடித்தம் என்று போகாமல் இருந்தால்தான் பையன் வண்டியைத் தொடுவான். ஒருமுறை சம்பளத்தில் பிடித்துவிட்டால் அந்த பேட்ச் முழுதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும். இதற்கு ஓடும் புதிய வண்டிகள் வேண்டியதும் இல்லை. சரிசெய்வது கட்டுப்படியாகாது என்று கழிக்கப்படும் வண்டிகளில் கணிசமானவை இன்ஜின் ஓடும் நிலையிலேயே ஏலத்துக்குப் போகின்றன. அவற்றில் ஒரு பங்கை ஏலத்துக்கு முன் பயிற்சி மையங்களுக்குத் திருப்பிவிட்டால், மூன்று பேருக்கு ஒரு வண்டி என்ற விகிதம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அப்படிக் கேட்டு எழுதிய கடிதங்களுக்குக் கிடைத்த வண்டிகளை வைத்துத்தான் நாங்கள் பழுது வைத்துப் பழக்கினோம். ஏலத்தில் வரவேண்டிய தொகை குறைகிறதே என்று தணிக்கையில் கேள்வி எழுப்பினார்கள். நான் விடைபெற்றபோது அந்தக் கோப்பு முடிக்கப்படாமலே இருந்தது.